ஃபேனை நிறுத்திட்டோம் சார்

நிறுத்துவதா, ஓடவிடுவதா? தனுஷ்கோடியின் வலது கை சாவிக்குப் போவதும் பாதியில் திரும்புவதுமாக இருந்தது. ஓடவிட்டால் இஞ்சின் வெந்துவிடும். நிறுத்தினால் மறுபடி கிளம்பாது. சூட்டோடு அணைத்த இந்த வண்டி, பத்து நிமிஷத்துக்குக் கிக்கரை எத்தனை மிதித்தாலும், தலைதீபாவளிக்கு மோதிரம் வராத மாப்பிள்ளை போல முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பதறாத காரியம் சிதறாது என்று மனசு ஒரு பக்கம் சொல்ல, பதறாமல் உட்கார்ந்திருந்தால் எல்லாமே சிதறிவிடும் என்று கைக்கடிகாரம் இன்னொரு பக்கம் சொன்னது. மணி பன்னிரண்டு பத்து. சித்திரை வெயில் உச்சந்தலையில் ஆணி அடித்தாற்போல் நின்றது. விடியற்காலையில் ஆற்றில் இறங்கிய அழகர் இப்போது தண்ணீர் பீய்ச்சும் மண்டபத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர் பின்னால் மதுரை முழுவதும் போய்க்கொண்டிருந்தது. முன்னால் போலீஸ் தடுப்பு, பின்னால் ஷேர் ஆட்டோ, இடது பக்கம் நீர்மோர்ப் பந்தல், வலது பக்கம் ஜனம், ஜனம், ஜனம். நடுவில், தொடைகளுக்கிடையே கொதிக்கும் இஞ்சினோடு அவன். முதுகுக்குப் பின்னால் கேரியரில் ரப்பர் வாரால் இழுத்துக் கட்டிய வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி. பெட்டிக்குள் ஐஸ், ஐஸுக்கு நடுவே மூடி போட்ட இரண்டு சின்னக் கண்ணாடிப் புட்டிகள், இன்னும் காலியாக. அவற்றுக்குள் வரவேண்டிய கண்கள் மூன்று கிலோமீட்டர் தள்ளி வண்டியூர்ப் பக்கம் ஒரு வீட்டில், காலையில் இறந்துபோன ஒரு மனுஷனின் மூடிய இமைகளுக்குள் இருந்தன. முன்னால் நெருப்பு, பின்னால் ஐஸ், நடுவில் நான் என்று நினைத்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கிற நேரமா இது என்று அதை விழுங்கிக்கொண்டான்.

கண் வங்கியில் பத்தொன்பது வருஷமாக அவனுக்கு இதுதான் வேலை. யாராவது இறந்துபோனால், அந்த வீட்டிலிருந்து யாராவது கூப்பிட்டால், போய்க் கண்களை எடுத்துக்கொண்டு வருவது. இன்றைக்குக் கூப்பிட்டவள் பெயர் தவச்செல்வி. பதினொன்றே முக்காலுக்குக் கூப்பிட்டாள். அழுது முடித்த குரல் இல்லை, இன்னும் அழ ஆரம்பிக்காத குரல். "சார், எங்கப்பா காலையில ஏழு மணிக்குத் தவறிட்டாரு. மொக்கைச்சாமின்னு பேரு. டவுன்பஸ் டிரைவரா இருந்தவரு. கண்ணைக் குடுக்கணும்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. எங்க பெரியப்பா வேணாம்னு சத்தம் போட்டுக்கிட்டு இருந்தாரு, இப்பத்தான் சரின்னு சொன்னாரு." ஏழு மணி. ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், அப்படியானால் ஒரு மணி, இந்த வெயிலில் அதற்கு முன்னாலேயே போனால் நல்லது என்று இவன் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கும்போதே அவள் அடுத்த கல்லைப் போட்டாள். "இன்னைக்கு வியாழக்கிழமை சார். ஒன்றரைக்கு ராகுகாலம். அதுக்கு முன்ன உடம்பை எடுத்துருவாங்க." வங்கியின் ஜீப் ஆற்றுக்கு அந்தக் கரையில் மாட்டிக்கொண்டிருந்தது. சொந்த வண்டியிலேயே வருகிறேன் என்றான். பிறகு எல்லாரிடமும் சொல்வதை அவளிடமும் சொன்னான்: இமையை மூடி ஈரப் பஞ்சு வையுங்கம்மா, பஞ்சு காயாமப் பாத்துக்குங்க, தலைக்கு ரெண்டு தலையணை வச்சு உயர்த்துங்க, ஃபேனை நிறுத்திருங்க. சுவிட்சைத் தட்டும் சத்தம் போனிலேயே கேட்டது. "ஃபேனை நிறுத்திட்டோம் சார்" என்றாள். பிறகு, ஏனோ அவனிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்கிறது: "அப்பாவுக்கு ஃபேன் இல்லாம ஒரு நிமிஷம் ஆகாது. முப்பது வருஷம் இஞ்சின் பக்கத்துலயே உக்காந்த உடம்பு." அவ்வளவுதான் பேச்சு. அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் ஹெல்மெட்டுக்குள் புகுந்த வண்டு மாதிரி கூடவே வந்துகொண்டிருந்தது.

முப்பது வருஷம் இஞ்சின் பக்கத்தில். அவனுக்கு அந்தப் பழைய பஸ்கள் தெரியும். டிரைவரின் இடது காலுக்குப் பக்கத்தில் இஞ்சினை ஒரு பெரிய பானை மாதிரி மூடி வைத்திருப்பார்கள். அதன்மேல் யாரோ ஒரு கிழவி வெற்றிலைக் கட்டை வைத்துவிட்டு, ஐயோ சுடுதே என்று எடுப்பாள். அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முப்பது வருஷம் சாலையையே பார்த்த கண்கள். இப்போது இவனுடைய இடது கெண்டைக்கால் வழியாக அதே சூடு ஏறிக்கொண்டிருந்தது. எண்ணெய் தீய்ந்த வாடை. அடியில் டக்டக்கென்று ஒரு தட்டல், காலையில் இல்லாத தட்டல். நெல்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் ரஹ்மத்துல்லா முன்னொரு தரம் இந்த வண்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு சொன்னது ஞாபகம் வந்தது. "அண்ணே, உள்ளுக்குள்ள நிமிஷத்துக்கு அறுநூறு எழுநூறு தடவ வெடி வெடிக்குது, சும்மா நிக்கிறப்பவே. இத ஆத்துறதுக்கு என்னா இருக்குங்கறீங்க? ஒண்ணும் கிடையாது. காத்து மட்டுந்தேன். சுத்தி வரிவரியாத் தகடு இருக்குல்ல, அதுல காத்து தடவிக் குடுத்துட்டே போவணும். ஓடுனாக் குளுரும், நின்னாக் கொதிக்கும்." அன்றைக்கு அதைக் கேட்டுக்கொண்டு டீயைக் குடித்தான், அவ்வளவுதான். இன்றைக்கு அது பிரமிப்பாக இருந்தது. கையகலப் பாத்திரத்துக்குள் நிமிஷத்துக்கு எழுநூறு தீ. அந்தத் தீயைக் கட்டிக் காக்கிறது ஒன்றுமில்லாத காற்று. ஓடுவதால்தான் சூடாகிறது, ஓடுவதால்தான் ஆறுகிறது, நடுவில் நிற்க நேர்ந்தால்தான் சங்கடம். மனுஷனுக்கும் அப்படித்தானோ என்று ஒரு தத்துவம் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. போ அங்கிட்டு என்று அதை விரட்டினான். ஷேர் ஆட்டோ அரை அடி நகர்ந்தது. இவன் நகரவில்லை. அரை கிளட்சில் உருட்டக் கூடாது. அது மட்டும் கூடவே கூடாது. அது என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியும்.

நான்கு வருஷத்துக்கு முன்னால், இதே மாதிரி ஒரு மே மாதம், பஸ் ஸ்டாண்டுப் பக்கம். அப்போதும் பின்னால் பெட்டி இருந்தது. நெரிசலில் பாதிக் கிளட்சைப் பிடித்துக்கொண்டு அடி அடியாக, அங்குலம் அங்குலமாக, எப்படியாவது போய்விடலாம் என்று உருட்டினான். நாற்பது நிமிஷம் உருட்டினான். இஞ்சின் ஒரு முனகல் முனகிற்று, பின்சக்கரம் சட்டென்று பிடித்துக்கொண்டது, அப்படியே நின்றது. பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது என்று பிறகு ரஹ்மத்துல்லா காட்டினான். ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அந்த வீட்டின் வாசலில் யாரும் இல்லை. ஒரு பெண் மட்டும் குனிந்து வீட்டைக் கழுவி விட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "இப்பத்தேன் எடுத்தாங்க" என்றாள். கழுவிய தண்ணீர் படியிறங்கி வந்து அவன் செருப்பை நனைத்தது. அவள் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அந்தத் தண்ணீரில் மஞ்சள் இருந்தது, ஒரு ரோஜா இதழும் இருந்தது, அது இப்போதும் அவன் செருப்பின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சில நாள் தோன்றும். இரண்டு கண் என்றால் இரண்டு பேர். எந்த இரண்டு பேர் என்று அவனுக்குத் தெரியாது, அதைச் சொல்லவும் மாட்டார்கள். தெரியாததால் யாரைப் பார்த்தாலும் அவர்களாக இருக்கலாம் என்று ஆகிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் கைத்தடியால் தரையைத் தட்டிப் பார்த்துக்கொண்டு போகிற ஒவ்வொருவரையும் பார்க்கும்போது அவனுக்கு இஞ்சின் முனகிய அந்தச் சத்தம் கேட்கும். அரை கிளட்ச் வேண்டாம். நியூட்ரலில் போட்டான். தட்டல் நிற்கவில்லை.

வண்டியை இங்கேயே விட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தால்? மூன்று கிலோமீட்டர், இந்தக் கூட்டத்தில் ஒரு மணி நேரம். ஓடினால்? நாற்பத்தேழு வயசில் அழகரையே தள்ளிக்கொண்டு ஓடுவதா? கண் எடுக்கப் போனவனுக்கு நெஞ்சு வலித்து, அவன் கண்ணை எடுக்க இன்னொருவன் வருகிற கதையாகிவிடும். ஆட்டோ? இதோ பின்னால் நிற்கிறதே, அதுவும்தான் நிற்கிறது. சாவி. கை போயிற்று, திரும்பிற்று. எதிர்ப்புறத்திலிருந்து லேசாக ஒரு காற்று வந்தது. கழுத்து வேர்வையில் பட்டது, ஆகா என்றிருந்தது. ஆனால் காலுக்குக் கீழே படவில்லை. ஏன் படவில்லை? குனிந்து பார்த்தான். பார்த்தவன் அப்படியே இருந்துவிட்டான். வண்டியின் முன்னால், கால் காக்கும் இரும்புக் கம்பியின் குறுக்கே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்துக் கட்டியிருந்தது ஃப்ளெக்ஸ் போர்டு. 'மண்ணுக்குப் போகும் கண்களை மனிதருக்குத் தருவோம்.' இரண்டு பக்கமும் முறைத்துப் பார்க்கும் இரண்டு பெரிய கண்கள். திருவிழாக் கூட்டம் பார்க்கட்டும் என்று போன வாரம் வங்கியில் எல்லா வண்டிக்கும் கொடுத்தார்கள். மற்றவர்கள் பின்னால் கட்ட, இவன் ஒருத்தன் பெருமையாக முன்னால் கட்டினான், நாலு மூலையிலும் கயிறு போட்டு, காற்றில் ஆடக்கூடாது என்று இறுக்கி. அந்தப் போர்டுக்கு நேர் பின்னால் இருந்தது இஞ்சின். ஒரு வாரமாக அதற்குக் காற்றே போகவில்லை. "என்னா அண்ணே, மூக்கப் பொத்திக்கிட்டு ஓடச் சொல்றீங்க" என்று ரஹ்மத்துல்லா திங்கட்கிழமை கேட்டதை, அவன் எப்போதும் பேசுகிற நையாண்டி என்று விட்டுவிட்டான். சொந்தக் கண்ணைப் போர்டில் வைத்துவிட்டுக் குருடனாக ஓட்டியிருக்கிறாயடா தனுஷ்கோடி. சாவியைத் திருப்பினான். முடிவு என்று ஒன்றும் செய்யவில்லை, கை திருப்பிவிட்டது. இஞ்சின் நின்றது. சுற்றிலும் மேளக் கொட்டும் கோவிந்தா கோஷமும் கார் ஹாரனும் காதைப் பிளக்க, அவனுக்கு மட்டும் எல்லாம் அடங்கிவிட்ட மாதிரி இருந்தது. மணி பன்னிரண்டு பதினெட்டு.

நின்ற இஞ்சின் அடங்கவில்லை. டிக், டிக், டிக் என்று உலோகம் உள்ளுக்குள் நெட்டி முறித்துக்கொண்டது. கயிற்றை அவிழ்க்க உட்கார்ந்தான். இவனே போட்ட முடிச்சு, இவனுக்கே அவிழவில்லை. பெட்டியின் பக்கவாட்டுப் பையில் கத்தரிக்கோல் இருந்தது, இடுக்கி இருந்தது, எல்லாம் வேகவைத்துச் சுத்தம் செய்து கவரில் போட்டு ஒட்டியது. ஒரு மனுஷனின் கண்ணுக்காக வைத்திருப்பதைக் கயிறு வெட்ட எடுக்க முடியாது. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டவில்லை என்பது இதுதான். சாவியால் அறுத்தான். அறுக்கும்போது முழங்கையின் உட்புறம் சிலிண்டரில் பட்டுச் சுரீரென்றது. அந்தச் சூடு அவனைத் திடுக்கிட வைத்தது. இத்தனை சூட்டையா இவ்வளவு நேரம் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு என்று சொல்வார்களே, அதைச் சொன்னவன் மோட்டார் சைக்கிள் ஓட்டியிருக்க வேண்டும். கடைசிக் கயிறும் அறுந்தது. போர்டு கையோடு வந்தது. காற்று அப்போது நின்றுபோயிருந்தது. வருமா? வந்தால் எப்போது? அங்கே அந்த வீட்டில் காற்று வரக்கூடாது, இங்கே காற்று வந்தாக வேண்டும். அவனுக்கு அது திடீரென்று உறைத்தது. விழியின் முன்னால் இருக்கிற அந்தக் கண்ணாடித் தோலில் ரத்தம் ஓடாது. ரத்தம் ஓடினால் மங்கிவிடும். அதனால் அது காற்றிலிருந்தே நேராக மூச்சு வாங்கிக்கொள்கிறது, உயிரோடு இருக்கிற வரைக்கும். ஒவ்வொரு தரம் இமைக்கும்போதும் ஈரம் தடவப்பட்டு, காற்றைக் குடித்து, காற்றைக் குடித்து, அறுபது எழுபது வருஷம். உயிர் போன மறு நிமிஷம் அதே காற்று அதைக் காயவைக்க ஆரம்பிக்கிறது. எத்தனையோ கண்களை இந்தக் கையால் எடுத்திருக்கிறான், எத்தனையோ வீட்டில் ஃபேனை நிறுத்தச் சொல்லியிருக்கிறான். ஒரு நாளும் இது இப்படி மலைப்பாகத் தோன்றியதில்லை. ஒரே காற்றுதான். இதற்கு உயிர், அதற்கு எமன். நடுரோட்டில் ஒரு ஃப்ளெக்ஸ் போர்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாய் பிளந்து நிற்கிறோம் என்பது அவனுக்கே அப்புறம்தான் தெரிந்தது.

"என்னண்ணே, வண்டி காந்துதா?" என்று ஒரு குரல். நிமிர்ந்தான். சிவப்பு வெல்வெட் சட்டை, அதில் கண்ணாடிச் சில்லுகள், தலையில் ஜரிகை உருமால், தோளில் தண்ணீர் நிரம்பிப் புடைத்த ஆட்டுத்தோல் பை, அதன் முனையில் ஊசி போல மெலிந்த குழாய். அழகர்மேல் தண்ணீர் பீய்ச்சப் போகிற நேர்த்திக்காரன். மேலூர்ப் பக்கத்து ஆள், அய்யங்காளை என்று பிறகு தெரிந்தது. கேட்டவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, குழாயை இஞ்சினுக்கு நேரே தூக்கினான். "வேணாம்யா!" என்று கத்திக்கொண்டே தனுஷ்கோடி, கோழி குஞ்சை மூடுகிற மாதிரி வண்டிமேல் கவிழ்ந்தான். தண்ணி மட்டும் ஊத்திறாதீங்கண்ணே, கொதிக்கிற கண்ணாடி கிளாஸ்ல ஐஸ் தண்ணி ஊத்துனா என்னாகும், விரிசல் விட்டுரும் என்று ரஹ்மத்துல்லா தலையில் அடித்துக்கொண்டு சொன்னது அவன் ரத்தத்தில் இருந்தது. அய்யங்காளை சிரித்தான். "ஏண்ணே, குண்டா போடப் போறேன்? என்னா அவசரம் ஒங்களுக்கு? பொட்டியில என்னா, ஐசா?" சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தான். திருவிழாவில் போய்ச் சாவைச் சொல்வதா. பிறகு சொன்னான். "கண்ணு எடுக்கப் போறேன்யா. வண்டியூர்ல ஒரு பெரியவர் தவறிட்டாரு. ஒரு மணிக்குள்ள போகணும். போனா ரெண்டு பேருக்குப் பார்வை." அய்யங்காளையின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்று, மெல்ல வேறு என்னவோ ஆயிற்று. குழாயைத் தனுஷ்கோடியின் கைப்பக்கம் திருப்பி ஒரு சொட்டு விட்டான். தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது, ஏலக்காய் வாசம் வந்தது. "பாத்தீங்களா? நேத்து அழகர்மலையில, நூபுரகங்கையில புடிச்சது. அம்புட்டுத் தூரம் வெயில்ல சொமந்துட்டு வாரேன். என் ஒடம்புச் சூடுதேன் இருக்கும்." கூட வந்தவன் பதறினான். "ஏய் காளை, சாமிக்கு நேந்த தண்ணிடா! வழியில செந்தக் கூடாதுல்ல." அய்யங்காளை அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சாமிக்கு ஆயிரம் பேரு அடிக்கிறான். இதுக்கு யாருடா இருக்கா?" என்றான்.

தனுஷ்கோடியின் மனசு மறுபடி முள்ளில் மாட்டிய வேட்டியாயிற்று. விரிசல் விட்டால்? ஆனால் ஓடுகிற வண்டிமேல் மழை பெய்யாதா? ஐப்பசி மழையில் எத்தனை நாள் நனைந்துகொண்டு ஓட்டியிருக்கிறான், வெடித்தா போயிற்று? குடத்தோடு கவிழ்ப்பது வேறு, தூறல் வேறு. ஐஸ் வேறு, வெதுவெதுப்பு வேறு. ஓரமாகப் போய் அது ஆறட்டும் என்று நின்றால் பத்து நிமிஷம், அதற்கப்புறம் கிக்கர் நாடகம் ஐந்து நிமிஷம், அதற்கப்புறம் வண்டியூரில் ஒரு பெண் வாசலைக் கழுவுவாள், தண்ணீரில் மஞ்சள் இருக்கும். அந்த ரோஜா இதழ். "தூறல் மாதிரி அடிப்பியா?" என்று கேட்டான். கேட்ட குரல் அவனுக்கே கெஞ்சலாக இருந்தது. "அழகருக்கே கண்ணு உறுத்தாம அடிக்கிற கையிண்ணே இது" என்றான் அய்யங்காளை. நாலடி தள்ளிப் போனான். பையை அக்குளில் இடுக்கி, கண்ணை மூடி எதையோ முணுமுணுத்து, அழுத்தினான். குழாயிலிருந்து வந்தது தண்ணீரா புகையா என்று தெரியவில்லை, அவ்வளவு மெல்லிசு. செதில் செதிலான அந்தத் தகடுகள்மேல் பட்டதும் உஸ்ஸ் என்று ஆவி எழுந்தது. இன்னொரு தரம். உஸ்ஸ். ஏலக்காய் வாசமும் தீய்ந்த எண்ணெய் வாசமும் ஒன்றாகக் கிளம்பின. ஷேர் ஆட்டோக்காரர் இறங்கி வந்தார், தனுஷ்கோடியின் கையிலிருந்த போர்டைப் பிடுங்கினார். "தண்ணியடிச்சா மட்டும் ஆறுமா? வீசணும்ல" என்று, காய்ச்சல்காரனுக்கு வீசுகிற மாதிரி இஞ்சினுக்கு வீச ஆரம்பித்தார். அவர் கை சளைத்ததும் மோர்ப் பந்தலிலிருந்து ஒரு பெண் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து வாங்கி வீசினாள். முன்பு காற்றை அடைத்த அதே போர்டு, இப்போது மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. அதிலிருந்த இரண்டு கண்களும் இஞ்சினைப் பார்த்துப் பார்த்து விலகின. நூபுரகங்கைத் தண்ணீர் மலையில் பிறந்து, அழகர்மேல் விழ வேண்டியது, ஒரு பழைய மோட்டார் சைக்கிள்மேல் விழுகிறது. கும்பிட வேண்டும்போல் இருந்தது; யாரை என்றுதான் தெரியவில்லை. அய்யங்காளை பையைத் தடவிப் பார்த்தான். "பாதி அவருக்கு, பாதி இவருக்கு. கணக்குச் சரியாப் போச்சு. மிதிங்கண்ணே" என்றான்.

முதல் மிதி, ஒன்றுமில்லை. இரண்டாவது மிதி, ஒரு தும்மல். மூன்றாவதற்குக் காலைத் தூக்கியபோது பந்தல்காரப் பெண் "அழகா!" என்று கூவினாள், அவள் யாரைக் கூப்பிட்டாளோ, வண்டி பிடித்துக்கொண்டது. தட்டல் இல்லை. ஆட்டோக்காரர் தொண்டையைத் திறந்தார். "கண்ணு எடுக்கப் போறாருங்க! வழி விடுங்கப்பா!" முன்னால் நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்து, தன் முன்னால் நின்றவரிடம் அதையே சொன்னார். அவர் அடுத்தவரிடம். கண்ணு எடுக்கவாம், கண்ணு எடுக்கவாம் என்று அந்தச் சொல், இவன் போவதற்கு முன்னாலேயே, இவன் கண்ணுக்கு எட்டாத தூரம் வரைக்கும் போயிற்று. போலீஸ்காரர் ஒன்றும் கேட்கவில்லை, தடுப்பை ஹேண்டில்பார் அகலத்துக்கு நகர்த்தினார். சேலைகள் ஒதுங்கின. ஒரு தோளில் இருந்த பிள்ளைகளை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்கள். ஒருத்தர் செருப்பைக் கழற்றிவிட்டு, பெட்டி தாண்டிப் போகும்வரை கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். உள்ளே ஐஸும் காலிப் புட்டிகளும்தான் ஐயா இருக்கின்றன என்று சொல்ல நினைத்தான், சொல்ல முடியவில்லை. முதல் கியரில், கிளட்சை முழுக்க விட்டு, ஆள் நடக்கிற வேகத்தில் அந்தச் சந்து வழியாக அவன் போனான். எத்தனை லட்சம் பேர் இருப்பார்கள் இந்த ஊரில் இன்றைக்கு, அத்தனை பேரும் ஒரு சாமியைப் பார்க்க வந்தவர்கள், முகம் தெரியாத இரண்டு பேர் பார்க்கட்டும் என்று விலகிக்கொண்டார்கள். கூட்டம் முடிந்து சாலை திறந்தது. இரண்டாவது கியர், மூன்றாவது. காற்று வந்தது. கால்களுக்கிடையே புகுந்து, தகடு தகடாகத் தடவிக்கொண்டு போயிற்று. இஞ்சின் சத்தம் குழந்தை அழுகை ஓய்ந்து விசும்பலாவது போல் இறங்கி, பிறகு அதுவும் இல்லாமல் ஒரே சீராக ஆயிற்று. கண்ணில் நீர் வந்தது. காற்று பட்டதால் என்று வைத்துக்கொண்டான்.

பன்னிரண்டு நாற்பதுக்கு அந்தத் தெருவில் நுழைந்தான். பந்தல் போட்டிருந்தது, வாசல் கழுவியிருக்கவில்லை. வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்திப் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனவன் நிலைப்படியிலேயே நின்றான். தகரம் போட்ட ஒற்றை அறை. முப்பது பேருக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தார்கள். தலைக்கு மேலே ஃபேன் அசையாமல் தொங்கிற்று. ஐந்தரை மணி நேரம் முன்னால் போனவரைச் சுற்றி, உலை மாதிரி வேகும் அந்த அறையில், ஒருத்தர் கையிலும் விசிறி இல்லை. ஒரு பேப்பர் இல்லை. முந்தானையால்கூட யாரும் வீசிக்கொள்ளவில்லை. வேர்வை நெற்றியிலிருந்து இறங்கி மோவாயில் சொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கக்கூட மெதுவாகத் துடைத்தார்கள், அந்தக் காற்று பட்டுவிடுமோ என்கிற மாதிரி. தலைமாட்டில் வெள்ளை மீசை வைத்த கிழவர் ஒருவர் இரண்டு உள்ளங்கைகளையும் மொக்கைச்சாமியின் நெற்றிக்கு மேலே கூரை மாதிரி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சத்தம் போட்ட பெரியப்பா. "சன்னல்ல இருந்து லேசா வருதுங்க" என்றார் இவனைப் பார்த்து, குற்றம் செய்தவர் போல. கைகளை இறக்கவில்லை, எவ்வளவு நேரமாகப் பிடித்திருக்கிறாரோ. தவச்செல்வி எழுந்து வந்தாள். "பஞ்சைக் காயவே விடல சார். மாத்தி மாத்தி நனைச்சுக்கிட்டே இருந்தோம்." நடுரோட்டில் ஒரு இஞ்சின் பத்து நிமிஷம் காற்றில்லாமல் தவித்ததற்கே உலகம் முடிந்துவிட்டதாக நினைத்தவன் நான் என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. எல்லாரையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, கையைக் கழுவி, உறையைப் போட்டுக்கொண்டு பஞ்சை எடுத்தான். இமையைத் தூக்கினான். சாலையையே முப்பது வருஷம் பார்த்த கண்கள். ஈரமாக, தெளிவாக, மழை பெய்து விட்ட பிற்பாடு ஜன்னல் கண்ணாடி இருக்குமே, அப்படி இருந்தன. பத்தொன்பது வருஷத்தில் இவ்வளவு தெளிவாக அவன் பார்த்ததில்லை. கை தன் வேலையைச் செய்தது. புட்டிகள் இரண்டும் நிறைந்து ஐஸுக்குள் போயின. உள்ளே பஞ்சு வைத்து இமைகளை மூடியபோது முகம் முன்பிருந்த மாதிரியே, தூங்குகிற முகமாகவே இருந்தது. மணி ஒன்றாக இரண்டு நிமிஷம்.

கதவைத் திறந்தான். எல்லாரும் உள்ளே வந்து, அவரவர் இடத்தில், முன்பு போலவே அசையாமல் உட்கார்ந்தார்கள். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனவன், ஏதோ விட்டுப்போன மாதிரி இருக்கத் திரும்பினான். "இனிமே ஃபேனைப் போட்டுக்கலாம்மா" என்றான். தவச்செல்வி சுவிட்சுக்குப் போனாள், கை பாதியில் நின்றது. "நெசமாவா சார்? ஒண்ணும் ஆகாதுல்ல?" ஆகாது என்று தலையாட்டினான். ஃபேன் ஒரு முனகல் முனகி, தயங்கி, ஒரு சுற்று சுற்றிற்று. இன்னொரு சுற்று. காற்று கீழே இறங்கி வந்து மொக்கைச்சாமியின் நரைமுடியை நெற்றியில் லேசாகக் கலைத்தது. காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, தவழ்ந்து தவழ்ந்து தலைமாட்டுக்கு வந்தாள். அந்த முடியைக் கையால் ஒதுக்கிவிட்டாள். "ஏங்க," என்றாள் அவர் காதோரமாகக் குனிந்து, "ஃபேனு போட்டாச்சுங்க."